டிரெட்மில் மோட்டாரை நீங்களே பழுதுபார்ப்பது எப்படி?

"மோட்டார் போய்விட்டது, புதுசு போட வேண்டியதுதான்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். வீட்டு டிரெட்மில் மோட்டாரில் தேயும் பாகங்கள் மொத்தமே மூன்றுதான். சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் சின்னக் கட்டையான கார்பன் பிரஷ், அது உரசிக்கொண்டே இருக்கும் செப்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டர், நடுத்தண்டை (ஷாஃப்ட்) இரண்டு முனையிலும் தாங்கும் பேரிங். இதில் பிரஷ் தேய்வதைக் கோளாறு என்றே சொல்லக்கூடாது. பென்சில் மாதிரி, தேய்வதற்கென்றே செய்த பொருள் அது. உள்ளே இருக்கும் செப்புச் சுருள் கருகுவது மாதிரி பெரிய சேதம் வந்தால்தான் மோட்டார் நிஜமாகவே செத்தது என்று அர்த்தம். அப்படிக் கருகும்போதுகூட, பல நேரம் குற்றவாளி மோட்டார் இல்லை, நாம் ஏறி நடக்கும் பெல்ட். இதை நான் ஒரு ஜோடி பிரஷ்ஷை வீணடித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதை கீழே வருகிறது.

இந்த வழிகாட்டி டிரெட்மில்லுக்கு மட்டும். உடற்பயிற்சி சைக்கிளில் இருக்கும் குட்டி மோட்டார் காந்தத்தை நகர்த்தி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலைக்கானது, அது வேறு ரகம்.

முதலில் மின்சாரத்தை ஒழியுங்கள்

பாதுகாப்புச் சாவியை உருவினால் பெல்ட்தான் நிற்கும். உள்ளே, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் போர்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

அதன்பிறகும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றும்போது உச்சத்தில் 325 வோல்ட் வரை அவற்றில் ஏறி நிற்கலாம். 120 வோல்ட் இணைப்பு என்றால் 170 வோல்ட். இரண்டுமே ஆளைக் கொல்லப் போதும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கெப்பாசிட்டரின் இரு முனையிலும் அளந்து பார்த்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் வித்தையெல்லாம் வேண்டாம்.

இன்னொன்று, பிளக் இல்லாமலும் இந்த மோட்டார் மின்சாரம் கொடுக்கும். பெல்ட்டைக் கையால் இழுத்தால் மோட்டார் சுற்றும், சுற்றினால் அது டைனமோவாகிவிடும். வயர் முனையைத் தொட்டுக்கொண்டு பெல்ட்டை இழுக்காதீர்கள்.

எந்த வகை மோட்டார் என்று பாருங்கள்

முன் மூடியின் திருகுகளைக் கழற்றித் திறந்தால், மோட்டார் உடம்பில் ஒரு லேபிள் இருக்கும். அதில் டிசி என்றும், 90, 130, 180 வோல்ட் மாதிரி ஓர் எண்ணும் இருந்தால் அது நிரந்தரக் காந்தம் வைத்த டிசி மோட்டார். வீட்டு டிரெட்மில்களில் அதிகம் காண்பது இதுதான், இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான். ஏசி மோட்டார் அல்லது பிரஷ் இல்லாத மோட்டார் என்றால் உங்களுக்குப் பெல்ட், பேரிங் பகுதிகள் மட்டும் போதும்.

எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிருக்கும் என்று தோன்றும். இருக்காது.

மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள்

இப்போது அந்தக் கதை. என் டிரெட்மில்லில் நடக்கும்போது பெல்ட் ஒரு கணம் தயங்கித் தயங்கி ஓடியது, முன் மூடியிலிருந்து கருகல் நெடி வேறு. திறந்து பார்த்தால் பிரஷ் தேய்ந்திருந்தது. புது ஜோடி மாட்டினேன், நன்றாக ஓடியது. இரண்டே மாதத்தில் மறுபடி அதே தயக்கம், அதே நெடி. கழற்றினால் புது பிரஷ்ஷின் முகம் கருகிக் கிடந்தது. அப்போதுதான் பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். பலகை காய்ந்த துணி மாதிரி சொரசொரவென்று இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை இல்லை.

நாம் நடக்கும் பெல்ட் ஒரு பலகையின் மேல் சறுக்கிக்கொண்டு ஓடுகிறது. இடையில் சிலிக்கோன் எண்ணெய் காய்ந்துபோனால் உராய்வு ஏறும். அதே வேகத்தைக் கொடுக்க மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் பிரஷ் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் பிரஷ் கருகும், கம்யூட்டேட்டர் கறுக்கும், சுருள் சுடும். சூடு எல்லை மீறினால் காந்தமே வலுவிழக்கும். ஆகவே மோட்டாரை மட்டும் சரிசெய்து பெல்ட்டை விட்டுவிட்டால், நீங்கள் செய்தது பாதி வேலைதான்.

எங்கே இறுக்கம் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மோட்டாரையும் முன் உருளையையும் இணைக்கும் சிறிய வரிப்பட்ட பெல்ட்டைக் கழற்றுங்கள். இப்போது மோட்டாரை மட்டும் கையால் சுற்றுங்கள். பிறகு நடக்கும் பெல்ட்டை மட்டும் இழுங்கள். எது முரண்டு பிடிக்கிறதோ அங்கேதான் வேலை. பெல்ட் முரண்டு பிடித்தால் முதலில் இறுக்கத்தைப் பாருங்கள். நடுப்பகுதியில் விளிம்பைத் தூக்கினால் பொதுவாக 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். பிறகு எண்ணெய். கலப்பில்லாத சிலிக்கோன் மட்டும் போடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே, சமையல் எண்ணெய், வண்டி கிரீஸ் எதுவும் கூடாது, அவை பெல்ட்டின் அடித்துணியையும் பலகையின் பூச்சையும் கெடுத்துவிடும். சில பலகைகள் மெழுகுப் பூச்சோடு வரும், அவற்றுக்கு எண்ணெயே தேவையில்லை. எது உங்களுடையது என்று கையேட்டில் போட்டிருப்பார்கள்.

பலகையில் பூச்சு போய்க் குழி விழுந்திருந்தால் எண்ணெய் காப்பாற்றாது. பலகையைத் திருப்பிப் போட முடியுமா என்று பாருங்கள், சில மாடல்களில் இரு பக்கமும் பூச்சு இருக்கும்.

கழற்றாமலே செய்யும் நான்கு சோதனைகள்

மோட்டாரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயர்களை உருவிவிடுங்கள். இரண்டு தடித்த வயர் இருக்கும், பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும். கூடவே இரண்டு மெல்லிய வயரும் இருக்கலாம். அவை, அதிகம் சூடானால் இணைப்பை அறுப்பதற்காக மோட்டாருக்குள் இருக்கும் சூட்டு சுவிட்சுக்குப் போகின்றன.

முதல் சோதனை, தடித்த வயர்களுக்கு இடையே ஓம் அளவு (மின்தடை). சில ஓம்கள்தான் காட்ட வேண்டும். மீட்டரை மாட்டியபடியே ஷாஃப்ட்டை மிக மெதுவாகச் சுற்றுங்கள். எண் கொஞ்சம் ஆடும், அது சகஜம். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் இணைப்பே அறுந்த மாதிரி காட்டினால், பிரஷ் சரியாக ஒட்டவில்லை அல்லது கம்யூட்டேட்டரின் அந்தப் பட்டை செத்திருக்கிறது.

அடுத்தது, ஒவ்வொரு தடித்த வயருக்கும் மோட்டாரின் உலோக உடம்புக்கும் இடையே. இங்கே மீட்டர் இணைப்பே இல்லாத மாதிரி இருக்க வேண்டும், பூஜ்ஜியம் உட்பட எந்த ஓம் எண்ணும் காட்டக் கூடாது. காட்டினால் மின்சாரம் உடம்புக்குக் கசிகிறது என்று பொருள். பயப்பட வேண்டாம், கார்பன் தூசி அடைந்தாலும் இப்படிக் காட்டும். சுத்தம் செய்தபின் மறுபடி அளங்கள். அப்போதும் காட்டினால் அந்த மோட்டாரை மின்சாரத்தில் மாட்டவே கூடாது.

மூன்றாவது, மெல்லிய வயர்களுக்கு இடையே. மோட்டார் ஆறியிருக்கும்போது இந்தச் சூட்டு சுவிட்ச் பொதுவாக மூடியிருக்கும், அதாவது கிட்டத்தட்ட பூஜ்ஜிய ஓம். அறுந்தே இருந்தால், நல்ல மோட்டாரைக்கூட கன்ட்ரோலர் ஓடவிடாது.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி, இடையில் ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ். சிறிய பெல்ட்டைக் கழற்றிய நிலையில், மோட்டார் நகராதபடி பிடிமானத்தோடு இருக்க, தடித்த வயர்களில் பேட்டரியைக் கொடுங்கள். 130 வோல்ட் மோட்டார் என்றால் முழு வேகத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கில் அமைதியாகச் சுற்ற வேண்டும். தட்டித் தட்டிச் சுற்றினால் பிரஷ் அல்லது கம்யூட்டேட்டர். உறுமினால் பேரிங். தள்ளிவிட்டால் மட்டும் கிளம்பினால் கம்யூட்டேட்டரில் செத்த பட்டை இருக்க வாய்ப்பு அதிகம்.

நான்கிலும் தேறிவிட்டதா? அப்படியானால் மோட்டாரை விட்டுவிடுங்கள். கோளாறு பெரும்பாலும் கன்ட்ரோலரிலோ வேக சென்சாரிலோ இருக்கும்.

கார்பன் பிரஷ்

மோட்டாரின் ஒரு முனையில், நேர் எதிரெதிரே, கோடு வெட்டிய இரண்டு பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அகலமான ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருகுங்கள். பழைய பிளாஸ்டிக் எளிதில் உடையும். மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும், துள்ளி ஓடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுக்கும்போதே பிரஷ்ஷின் மேல்பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். அதன் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதே பிரஷ்ஷைத் திரும்பப் போடுவதாக இருந்தால் அதே துளையில், அதே பக்கமாகப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஓரம் மட்டும் தொட்டுப் பொறி பறக்கும்.

புது நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால் மாற்றிவிடுங்கள். நீளம் இருந்தும் ஓரம் உடைந்திருந்தாலோ, பின்னால் உள்ள செப்புச் சடை நிறம் மாறியிருந்தாலோ, ஸ்பிரிங் தொய்ந்திருந்தாலோ அதற்கும் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

வாங்கும்போது அந்த மோட்டார் மாடலுக்கான பிரஷ்ஷையே கேளுங்கள். துளையிடும் மெஷின் பிரஷ்ஷை அராவிப் போட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். கார்பனில் மென்மையும் கடினமுமாகப் பல ரகம் இருக்கிறது, கடினமானது மாட்டிவிட்டால் பிரஷ் தேயாமல் செம்பு தேயும். பிரஷ் மலிவான பாகம், கம்யூட்டேட்டர் அப்படி இல்லை.

புது பிரஷ் அதன் கூட்டுக்குள் தானாக வழுக்கி இறங்க வேண்டும். இறுகினால் கூட்டுக்குள் ஒட்டிய தூசியைத் துடையுங்கள்.

கம்யூட்டேட்டர்

பிரஷ்ஷை எடுத்த துளை வழியே டார்ச் அடித்து, ஷாஃப்ட்டைச் சுற்றிப் பாருங்கள். செப்புப் பட்டைகள் சாக்லேட் நிறத்தில் ஒரே சீராக மினுங்கினால் கை வைக்காதீர்கள். அது அழுக்கு இல்லை, நல்ல பிரஷ் காலப்போக்கில் போட்டுவைத்த படலம். பளபளவென்று தேய்த்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அதைத் தேய்த்தெடுத்தால் பிரஷ்தான் சீக்கிரம் தேயும்.

திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வேக்யூமால் தூசியை உறிஞ்சுங்கள். கார்பன் தூசி மின்சாரம் கடத்தும், அதை ஊதி கன்ட்ரோலர் போர்டின் மேல் பரப்பிவிடக் கூடாது. பிறகு 400 நம்பர் உப்புத்தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து, தட்டையான குச்சியில் ஒட்டித் துளை வழியே கம்யூட்டேட்டரில் லேசாக வைத்துக்கொண்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். முடிவில் 600 நம்பர். உலோகம் தேய்க்கும் கறுப்பு எமரித் துணி வேண்டாம். அதன் துகள்கள் பட்டைகளுக்கு நடுவே சிக்கினால் ஷார்ட் ஆகும் அபாயம் இருக்கிறது.

பட்டைகளுக்கு இடையே மெல்லிய காடி இருக்கும். அதிலுள்ள தூசியைப் பல்குத்தும் குச்சியால் கிளறி எடுங்கள். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள்.

நகத்தை வைத்தால் படி மாதிரி தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் உப்புத்தாள் போதாது. கம்யூட்டேட்டரும் சுருளும் சேர்ந்த சுழலும் பாகமான ஆர்மேச்சரை லேத்தில் கொடுத்துச் சீராக்கி, காடிகளையும் ஆழப்படுத்த வேண்டும். மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளில் இதைச் செய்வார்கள். ஒரே ஒரு பட்டை மட்டும் எரிந்து குழிந்திருந்தால் அதோடு சேர்ந்த சுருள் அறுந்திருக்கும். அங்கே வீட்டு வைத்தியம் கிடையாது.

பேரிங் மாற்றுவது

புதியவர்கள் தயங்கும் இடம் இது. தயங்குவதில் நியாயமும் இருக்கிறது. பேரிங்கில் சத்தமோ ஆட்டமோ இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள், சும்மா திறக்காதீர்கள்.

திறந்துதான் ஆக வேண்டுமென்றால், இரண்டு பிரஷ்ஷையும் முதலில் வெளியே எடுங்கள். மறந்தால் ஆர்மேச்சரை உருவும்போது பிரஷ் உடையும். அடுத்து, மோட்டாரின் இரு மூடிகளிலிருந்தும் உடம்பு வரை குறுக்காக ஒரு கோடு கீறுங்கள். காந்தத்துக்கும் பிரஷ்ஷுக்கும் உள்ள கோணம் மாறாமல் திரும்ப மாட்ட இந்தக் கோடுதான் துணை. கோணம் கொஞ்சம் பிசகினாலும் பொறி கூடும்.

முன்பக்கம் இருக்கும் கனமான சக்கரம் பல மோட்டார்களில் இடது மரை கொண்டது. நாம் பழகிய திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும். கழலவில்லையே என்று நீளக் குழாயைச் சொருகிப் பலம் காட்டுவதற்கு முன், எந்தத் திசை என்று ஒருமுறை யோசியுங்கள். நான் யோசிக்காமல் அரை மணி நேரம் அதை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

சக்கரம் வந்தபின் இரண்டு நீள போல்ட்டுகளைக் கழற்றினால் மூடிகள் பிரியும். ஆர்மேச்சரைக் காந்தம் விடாப்பிடியாகப் பிடித்திருக்கும், நேராக இழுங்கள். மோட்டார் உடம்பைச் சுத்தியலால் தட்ட வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்கள் பீங்கான் மாதிரி, விரிசல் விடும். திறந்த உடம்பை இரும்புத் தூள் கிடக்கும் மேசையில் வைத்தால் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒட்டும் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டியதுதான்.

பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6203 என்றால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். 6202 என்றால் 15, 35, 11. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள், இரும்பு மூடி போட்டதா ரப்பர் மூடி போட்டதா என்பதை அவைதான் சொல்லும். இருந்ததையே வாங்குங்கள். இரு முனையிலும் வேறு வேறு அளவு இருக்கக்கூடும், இரண்டையும் படியுங்கள்.

பழையதைப் புல்லர் வைத்து இழுங்கள். புதியதை ஏற்றும்போது ஷாஃப்ட்டைப் பிடிக்கும் உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். அந்த அளவுள்ள குழாய்த் துண்டை வைத்துத் தட்டலாம். வெளி வளையத்தில் தட்டினால் அந்த அடி முழுக்க உள்ளே இருக்கும் குண்டுகளில் இறங்கி, புது பேரிங் முதல் நாளே உறும ஆரம்பிக்கும். பழைய பேரிங்குக்குப் பின்னால் அலை அலையாக வளைந்த மெல்லிய வாஷர் இருந்திருக்கும். பழைய பாகங்களோடு சேர்த்து அதையும் எறிந்துவிடாதீர்கள்.

ஆர்மேச்சரைத் திரும்ப உள்ளே விடும்போது காந்தம் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். விரலை இடையில் வைத்தால் நசுங்கும்.

எப்போது விட்டுவிடலாம்

சுருளின் மேல் பூச்சு கருகி உதிர்கிறது, சுத்தம் செய்தும் உடம்புக்குக் கசிவு நிற்கவில்லை, காந்தம் உடைந்திருக்கிறது, கம்யூட்டேட்டர் பட்டை தளர்ந்து எழும்பியிருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு மோட்டார்தான். லேபிளில் உள்ள வோல்ட், ஆம்பியர், சுற்று வேகம், சுற்றும் திசை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஷாஃப்ட் தடிமனையும் போல்ட் துளைகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். 1 குதிரைத்திறன் என்பது 746 வாட்தான், ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பல நேரம் சில நொடிகள் மட்டும் தரக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரும் அளவு எவ்வளவு என்று பாருங்கள்.

மாட்டி ஓட்டுவது

சிறிய பெல்ட்டின் எல்லா வரிகளும், அது ஓடும் சக்கரமான புல்லியின் காடிகளில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து மாட்டுங்கள். வழுக்காத அளவு இறுக்கம் போதும். வீணை நரம்பு மாதிரி இறுக்கினால் இப்போதுதான் மாற்றிய பேரிங்கைத் தின்னும்.

புல்லிக்கு அருகே வேகத்தைப் பார்க்கும் ஒரு சின்ன சென்சார் இருக்கும். மோட்டாரைக் கழற்றி மாட்டியதில் அது கொஞ்சம் விலகியிருந்தால், பெல்ட் சில நொடி ஓடி, திரையில் பிழை காட்டி நின்றுவிடும். வேலை கெட்டுவிட்டதோ என்று மறுபடி எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். கூடவே சுற்றும் சின்னக் காந்தமோ துளைத் தட்டோ சென்சாருக்கு நேராக வரும்படி அதை நகர்த்தினால் போதும்.

முதல் முறை ஓட்டும்போது பெல்ட்டின் மேல் நிற்கக் கூடாது. சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் பெல்ட் பின்னோக்கி ஓடும். முன் மூடி திறந்திருக்கும்போது தளர்ந்த உடை, அவிழ்ந்த கூந்தல், குழந்தைகள் எதுவும் பக்கத்தில் வர வேண்டாம். நீங்களும் உள்ளே கை விடாதீர்கள்.

ஆள் ஏறாமல், குறைந்த வேகத்தில் 20 முதல் 30 நிமிடம் ஓடவிடுங்கள். புது பிரஷ்ஷின் தட்டை முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு இந்த நேரத்தில்தான் பழகும். பிரஷ் ஓரத்தில் சின்னச் சின்னப் பொறி தெரிந்தால் பரவாயில்லை, குறைந்துகொண்டே வரும். கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் மாதிரி ஓடினால் உடனே நிறுத்துங்கள். மூடிகளில் கீறிய கோடும் பிரஷ்ஷின் திசையும் சரிதானா என்று பாருங்கள்.

அதன்பிறகு மூடியைப் போட்டு, இரண்டு மூன்று நாள் மெதுவாக மட்டும் நடங்கள். ஒரு வாரம் கழித்துப் பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, ஒரே ஒரு பிரஷ்ஷை மட்டும் வெளியே எடுத்து அதன் முகத்தைப் பாருங்கள். முகம் முழுதும் ஒரே மாதிரி மினுங்கினால் எடுத்த பக்கமாகவே திரும்ப வைத்து மூடிவிடுங்கள். பாதி மட்டும் மினுங்கினால் இன்னும் அரை மணி நேரம் வெறுமனே ஓட்டுங்கள். கருகியிருந்தால் மோட்டாரைத் தொடாதீர்கள், பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள்.